மூலை மடித்த சீட்டு

எண்பதுகளில் தருமபுரிப் பக்கம் டிவி வைத்திருந்த வீடுகளில் அவரைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சிரிப்பார்கள். சென்னையிலிருந்து நேரடியாகக் காட்டிய கபடி ஆட்டம் அது. அவர்தான் வர்ணனை. ஆட்டம் முடிந்து, யார் எப்படி ஆடினார்கள் என்று அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு, மேசைமேல் ஒரு சீட்டை வைத்தது. அவர் பேச்சை அப்படியே பாதியில் நிறுத்தினார். சீட்டை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கணீரென்று வாசித்தார். "நேரமாகிவிட்டது. வளவளவென்று இழுக்காமல் உடனே முடிக்கவும்." வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்து, "மீண்டும் ஒருமுறை" என்று சொல்லி, இரண்டாம் தடவையும் வாசித்தார். அதற்குள் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டையைப் போட்டுவிட்டார்கள்.

என் கடையில் அன்றைக்கு இருபது பேராவது உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது. நம் ஊர்க்காரர் மெட்ராஸில் போய் மானத்தை வாங்கிவிட்டாரே என்றார் ஒருவர். நான் சிரிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. எழுந்து போய் டிவியை அணைத்தேன். அந்தச் சீட்டை அவர் ஏன் வாசித்தார் என்பது அந்த இருபது பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மைக் செட்காரன். தருமபுரியில் என் தகப்பனார் ஆரம்பித்த சவுண்ட் சர்வீஸ். வீட்டில் உருது, கடையில் தமிழ், கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் கன்னடம், தெலுங்கு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கபடி என்று எல்லாவற்றுக்கும் எங்கள் ஒலிபெருக்கிக் குழாய்தான் கத்தும். ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவர் மைக்கை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். சிலர் மைக்கைக் கண்டதும் உஃப் உஃப் என்று ஊதுவார்கள். சிலர் விரலால் தட்டுவார்கள். சிலர் ஹலோ ஹலோ என்று யாரோ மறுமுனையில் இருப்பதுபோல் கூப்பிடுவார்கள். அவர் இதில் எதையும் செய்ய மாட்டார். கைக்குட்டையை மடித்து மைக்கின்மேல் போட்டு, சுவிட்சைத் தானே தட்டிவிட்டு, "இப்போது மணி நான்கு ஐந்து" என்பார். அதுதான் அவருடைய டெஸ்டிங். மைதானத்தில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை அதைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏரியூருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் எழுத்தராக இருந்தார். வாரம் ஆறு நாள் உர மூட்டைகளுக்கு நடுவில் வேலை. ஞாயிறு என்றால் எங்கள் மாவட்டத்தில் எங்கே கோடு போட்டுக் கபடி ஆடினாலும் அங்கே இருப்பார். வெள்ளைச் சட்டை, ஃபிளாஸ்கில் வெந்நீர், பிள்ளைகள் பரீட்சை எழுதுகிற கிளிப் வைத்த அட்டை ஒன்று. இவ்வளவுதான் அவர் சாமான். மைக் இல்லாமல் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. டீக்கடையில் டீ சொல்வதற்குக்கூட என்னைத்தான் பார்ப்பார். மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள்.

நோட்டீஸில் அவர் பெயரைப் போட மாட்டார்கள். 'வர்ணனை: கணீர்க் குரலோன்' என்று மட்டும் இருக்கும். நாங்கள் எல்லோரும் மைக் சார் என்போம். அவர் என்னை பாய் என்பார். மூன்று வருடம் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தும் அவர் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கேட்டிருக்கலாம்.

அவருடைய பேச்சில் அலங்காரம் இருக்காது. கபடி கபடி என்று பாடிக்கொண்டு போகிற ஆள் எந்த ஊர், போன மாதம் எந்த முழங்காலில் அடிபட்டது, இப்போது எந்தக் காலை ஊன்றுகிறார் என்று சொல்லிக்கொண்டே போவார். கூட்டத்தின் பின்வரிசையில் ஒன்றும் தெரியாமல் எக்கி எக்கி நிற்கிறவனுக்கு அது போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, "இப்போது வந்து சேர்ந்தவர்களுக்காக" என்று ஆரம்பித்து, யாருக்கும் யாருக்கும் ஆட்டம், யார் எத்தனை புள்ளி, எவ்வளவு நேரம் பாக்கி என்று சொல்லிவிடுவார். நான் ஒருநாள் அவரைச் சீண்டினேன். இத்தனை தடவை சொன்னால் முதலிலிருந்து நிற்பவன் சலித்துப் போய்விட மாட்டானா என்று. முதலிலிருந்து நிற்பவனுக்குத் தெரியும், தாமதமாக வந்தவன்தான் பாவம் என்று சொல்லிவிட்டு வெந்நீர் குடித்தார்.

ஆட்டத்தைச் சொல்வது மட்டும் மைக்கின் வேலை இல்லை. எட்டு ஊர் ஜனம் கூடுகிற இடம். யாரையாவது தேடி வருகிறவன் நேராக மைக் செட்டுக்குத்தான் வருவான். பூப்போட்ட கவுன் போட்ட பெண்பிள்ளை மேடையில் இருக்கிறது, பென்னாகரத்து மாமனார் புளியமரத்தடியில் காத்திருக்கிறார், கோல் போஸ்ட்டை ஒட்டி நிற்கிற சைக்கிளை எடுக்கவும் என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. எனவே அவர்கள் சொல்வதைக் கேட்டு நான் சீட்டில் எழுதி மேடைக்கு நீட்டுவேன். அவர் வாங்கி அட்டையின் கிளிப்பில் செருகி, வர்ணனைக்கு நடுவில் இடைவெளி பார்த்து இரண்டு தடவை வாசிப்பார். மேடைக்கு இடப்பக்கம் தட்டி மறைத்த இடத்தில் ஆம்ப்ளிஃபயரோடு நான். என்னிடம் வருகிறவனுக்கு மேடையில் இருப்பவர் தெரிய மாட்டார்.

சாவுச் செய்தியும் வரும். ஒரு தடவை அதியமான்கோட்டையில் இறுதி ஆட்டம். ஆட்டக்காரன் ஒருவனுடைய அப்பா இறந்துவிட்டார் என்று சீட்டு வந்தது. நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன், அவர் அப்படியே வாசித்துவிட்டார். அந்தப் பையன் அப்போது எதிர்ப்பக்கத்துக்குள் பாடிக்கொண்டு நின்றான். பாட்டு நின்றது. யாரும் அவனைப் பிடிக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு பேர், இந்தப் பக்கம் ஆறு பேர், நடுவில் அவன். எங்கே போவது என்று தெரியாமல் அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஆட்டம் அதோடு முடிந்தது.

வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அத்தன பேரு முன்னால ஒருத்தருக்குச் சாவு சொன்னது தப்புங்க பாய்," என்றார். அன்றைக்குத்தான் எங்களுக்குள் அந்த ஏற்பாடு வந்தது. உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது என்றால் சீட்டை அப்படியே கொடுக்க வேண்டும், அவர் அடுத்த மூச்சில் வாசிப்பார். சாவு என்றால் சீட்டில் சாவென்று எழுதக் கூடாது. உடனே வரவும் என்று மட்டும் எழுதி, வலது மேல் மூலையை மடித்துக் கொடுக்க வேண்டும். மூலை மடித்த சீட்டை அவர் அட்டைக்குக் கீழே வைத்துக்கொள்வார். ஆட்டம் முடிந்து கோப்பை கொடுப்பதற்கு முன்னால் எடுத்து வாசிப்பார். "காய்ச்சல் காத்திருக்காதுங்க. சாவு காத்திருக்கும்," என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதற்கப்புறம் எத்தனை சீட்டு மடித்தேன் என்று கணக்கில்லை. கை பழகிவிட்டது.

அவருக்குச் சென்னை டிவி ஸ்டேஷனில் வர்ணனை சொல்ல வேண்டும் என்று ஆசை. அதை ஆசை என்று அவர் சொன்னதில்லை. நாலு தடவை எழுதிப் போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்வார். ரேடியோவில் இரண்டு மூன்று முறை கூப்பிட்டு, மாவட்ட விளையாட்டுச் செய்தி வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். டிவியிலிருந்து பதிலே இல்லை. ஐந்தாவது தடவை பதில் வந்தது. மாவட்ட இறுதிப் போட்டிக்கு எங்கள் ஆள் ஒருவர் வேறு வேலையாக அந்தப் பக்கம் வருகிறார், உங்கள் வர்ணனையை நேரில் கேட்பார் என்று. அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டினார். அதைப் படித்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே பெண் குழந்தை. ஐந்து வயது. இரண்டு மூன்று ஆட்டங்களுக்குக் கூட்டி வந்திருக்கிறார். அது என் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் சூட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நேரம் கேட்டால், எந்த நேரமானாலும், "இப்போது மணி நான்கு ஐந்து" என்று அப்பனைப் போலவே சொல்லும். என் பிள்ளைகளுக்கு வாங்குகிற கடலை மிட்டாயில் அதற்கும் ஒன்று எடுத்து வைப்பேன்.

மாவட்ட இறுதிப் போட்டி தருமபுரியிலேயே நடந்தது. பெரியாஸ்பத்திரிக்கும் மைதானத்துக்கும் கூப்பிடு தூரம். நாலு குழாய் கட்டியிருந்தேன். அவர் காலையிலேயே வந்துவிட்டார். புதுச் சட்டை, கழுத்துக்குப் பின்னால் இன்னும் கடைக்காரன் குத்திய குண்டூசி இருந்தது, நான்தான் எடுத்துப் போட்டேன். "ரெண்டாவது பாதியிலதான் வருவாருன்னு சொன்னாங்க பாய்," என்றார். ஒரு மணி நேரத்தில் அதையே மூன்று தடவை சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் பாதி முடிந்து இடைவேளையில் மெட்ராஸ்காரர் வந்து முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் இளநீர். இரண்டாம் பாதிக்கு விசில் ஊதிய நேரம்.

அப்போதுதான் அந்த ஆள் தட்டியை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், விவசாயக் கூலி. கால் முழுக்கச் செம்மண். மூச்சு வாங்கி வாங்கிப் பேச்சு வரவில்லை. ஒரு பெயரைச் சொன்னார். ஏரியூர்ப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னார். கபடி பார்க்க வந்திருக்கிறார், கூப்பிட வேண்டும் என்றார். நான் எழுதினேன். என்ன விஷயம் என்று கேட்டேன். "கொழந்த... பெரியாஸ்பத்திரி... உடனே வரச் சொல்லுங்க," என்றார். அதற்கு மேல் முடியவில்லை. கீழே தரையில் உட்கார்ந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு நடுவில் முகத்தை வைத்துவிட்டார்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் தரையில் உட்கார்ந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் இன்னொரு கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. 'குழந்தை விஷயம், பெரியாஸ்பத்திரிக்கு உடனே வரவும்' என்று எழுதினேன். மூலையை மடித்தேன். மேடைக்கு நீட்டினேன்.

அவர் வாங்கினார். தட்டியின் இடைவெளியில் அவர் கையும் அட்டையும் எனக்குத் தெரியும். சீட்டைப் பார்த்தார். மடிப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டார். அட்டைக்குக் கீழே வைத்தார். பேச்சு நிற்கவே இல்லை. எங்கள் ஏற்பாட்டின்படி நடந்தது, அவ்வளவுதான் என்று நான் வயரைப் பார்க்கப் போய்விட்டேன். தரையில் உட்கார்ந்திருந்த ஆளிடம், ஆட்டம் முடிந்ததும் சொல்வார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் துண்டுக்குள் இருந்தபடியே தலையை ஆட்டினார். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவரே மைதானத்தில் இறங்கித் தேடியிருப்பாரோ என்னவோ. மைக் செட்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்.

நான் காதால் பிழைக்கிறவன். ஒரு குரலில் நூல் பிசகினாலும் எனக்குத் தெரிந்துவிடும். அந்த இரண்டாம் பாதியில் அவர் குரலில் ஒன்றும் பிசகவில்லை. சொல்லப்போனால் அதைவிட நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கடைசி மூன்று நிமிடத்தில் ஆட்டம் சமமாக வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. மெட்ராஸ்காரரும் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார், ஆனால் மைதானத்தைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டு. "இப்போது வந்து சேர்ந்தவர்களுக்காக" என்று அவர் அப்போதும் சொன்னார். புள்ளி சொன்னார். நேரம் சொன்னார்.

ஆட்டம் முடிந்தது. கைதட்டல் அடங்கும்வரை பொறுத்து, அட்டைக்குக் கீழேயிருந்து சீட்டை எடுத்து வாசித்தார். ஒரு பெயர், ஒரு ஊர், குழந்தை விஷயம், பெரியாஸ்பத்திரிக்கு உடனே வரவும். "மீண்டும் ஒருமுறை" என்று இரண்டாம் தடவையும் வாசித்தார். சுவிட்சைத் தட்டினார். மேடையை விட்டு இறங்கித் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து, தன் சொந்தக் குரலில், அந்தக் கேட்காத குரலில், "சேதி கொண்டாந்தவரு எங்கீங்க பாய்?" என்றார்.

தரையில் இருந்த ஆள் துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கு வாய் கோணிக்கொண்டது. இங்கேயா இருந்தீர்கள், இவ்வளவு நேரம் இங்கேயா இருந்தீர்கள் என்று கேட்டார். அப்புறம் சொன்னார். "பாப்பாவக் கடலக்காட்டுல பாம்பு கடிச்சிருச்சுங்க. நான் வரப்ப முழிச்சிட்டுத்தான் இருந்துச்சு. அப்பா எங்கன்னு இன்னும் கேட்டுட்டே இருந்துச்சு. வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. என் கையைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் ஓடினார்.

நான் கடைப் பையனிடம் சாமானை ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளில் போவதற்குள் எல்லாம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. மருந்து எல்லாம் உடனே கொடுத்துவிட்டோம், அப்பா முன்னால் வந்திருந்தாலும் இதில் மாற்றம் இருந்திருக்காது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உயிரோடு பார்த்திருக்கலாம், அவ்வளவுதான். மைக் சாரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்துவிட்ட முகம். புருஷனைப் பார்த்து, "உங்க சத்தம் இங்க நல்லாக் கேட்டுதுங்க. பாப்பா கேட்டுட்டே இருந்துச்சு," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நாலு குழாயில் ஒன்றை ஆஸ்பத்திரி ரோட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டியது நான்தான்.

ஊரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் வந்து கையைப் பிடித்து, என்ன ஆச்சு என்று கேட்பார்கள். வேறு யாராவது பதில் சொல்லியிருக்கலாம். அவரே சொன்னார். காட்டுக்குப் போனது, கடித்தது, வண்டி பிடித்தது, ஆஸ்பத்திரி சேர்த்தது, எல்லாவற்றையும் அதே வரிசையில், அதே சொற்களில், வந்தவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து. தாமதமாக வந்தவர்களுக்கும் குறை வைக்கவில்லை. "ஆட்டம் நடந்துட்டிருந்துச்சு. சேதி வந்துச்சு. வந்தேன்," என்று முடிப்பார். அதில் மடித்த மூலை இல்லை, அட்டை இல்லை, இரண்டாம் பாதி இல்லை. நான் வாசலில் நின்று எல்லாத் தடவையும் கேட்டேன். ஒரு தடவையாவது என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன். மறுநாள் ஒரு காதுகுத்துக்குக் குழாய் கட்டினேன்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ சென்னையிலிருந்து கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். போய்விட்டார்.

முதல் தடவை அவர் டிவியில் வந்தபோது என் கடை வாசலில் கூட்டம் தாங்கவில்லை. மொட்டை மாடியில் ஒருவன் ஆன்டெனா கம்பத்தைப் பிடித்துத் திருப்ப, கீழே ஒருவன் தெரியுது, தெரியல என்று கத்த, புள்ளி புள்ளியாக அவர் வந்தார். கோட்டு போட்டிருந்தார். தலை படிய வாரியிருந்தார். ஊரே பெருமைப்பட்டது. சொசைட்டியில் உரம் நிறுத்துக் கொடுத்தவர் பார் என்றார்கள். வாராவாரம் அரை மணி நேர விளையாட்டு நிகழ்ச்சி, நடுநடுவே நேரடி ஆட்டங்கள் என்று நாலைந்து வருடம் ஓடியது. படத்தில் தெரிவதை வாயால் சொல்லத் தேவையில்லை என்று அங்கே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்போல, பேச்சைக் குறைத்துக்கொண்டார். அது அவருக்கு நன்றாகவே வந்தது.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். பக்கத்திலிருந்து எந்தச் சீட்டு வந்தாலும் அவர் அதைக் கீழே வைப்பதில்லை. ஆட்டம் எவ்வளவு சூடாகப் போனாலும், பேசிக்கொண்டிருக்கிற வாக்கியம் பாதியில் நின்றாலும், வாங்கிய மாத்திரத்தில் வாசித்துவிடுவார். வேறு மைதானத்துப் புள்ளி, பார்வையாளர்கள் அமைதி காக்கவும், இன்ன எண் வண்டியின் விளக்கு எரிகிறது என்று எல்லாம் வரும். டிவி பார்க்கிறவனுக்கு வண்டி விளக்கு எதற்கு? ஸ்டேஷனில் பல தடவை சொல்லிப் பார்த்திருப்பார்கள். கடைசியில்தான் அந்த, வளவளவென்று இழுக்காமல் முடிக்கவும் சீட்டு. அது அவருக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தது. அவருக்கு மட்டும் என்று வந்த ஒரு சீட்டைத்தான் அவர் ஏற்கனவே ஒரு தடவை கீழே வைத்திருக்கிறாரே.

ஒப்பந்த வேலை. திரும்பக் கூப்பிடவில்லை. அவர் மனைவியோடு தருமபுரிக்கே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரமும் விளம்பரமும் சொல்கிற அறையில் உட்கார்ந்தார். ஒரு ஆள் உட்கார்கிற அளவுக்கு அறை, ஒரு ஜன்னல், ஒரு மைக். சேலம் செல்லும் வண்டி, ஏரியூர் செல்லும் வண்டி, நடுவில் ஜவுளிக்கடை, பல்பொடி. அந்த ஆம்ப்ளிஃபயர் நான் வாடகைக்குக் கொடுத்தது. மாதம் ஒரு தடவை பார்க்கப் போவேன். வாங்க பாய் என்பார். டீ வரும். டிவி பற்றி நான் கேட்டதில்லை. வேறு எதைப் பற்றியும் கேட்டதில்லை. இப்படியே ஒரு வருடம் போனது.

ஒருநாள் பிற்பகல் நான் அங்கே இருந்தபோது கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றது. மைக் செத்தது. பஸ்களின் உறுமல் மட்டும்தான். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் மைக் இல்லாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"சார், அன்னிக்கு அந்த ஆளு சாவுன்னு சொல்லலீங்க. அவரு உக்காந்த தோரணையப் பாத்து நானா மடிச்சுட்டேன்," என்றேன்.

"தெரியும் பாய். ஓடறப்பவே அவரு சொல்லிட்டாரு."

இது தெரிந்துமா இத்தனை நாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மடிக்காமல் கொடுத்திருந்தால் அப்போதே எழுந்து ஓடியிருப்பீர்களே என்று மட்டும் கேட்டேன். ஓடியிருப்பேன் என்றார். கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மடிச்சது நீங்க. கீழ வெச்சது நானுங்க பாய். எம் பேருதான்னு பாத்தேன். பாப்பா செத்துப் போச்சுன்னு நெனச்சுட்டுத்தான் கீழ வெச்சேன். செத்துப் போச்சுன்னு தெரிஞ்சும் எந்திரிக்கல. முன்னால மெட்ராஸ்காரரு வந்து உக்காந்திருந்தாரு." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "நல்லாப் பேசினேன், இல்லீங்களா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

கரண்ட் வந்தது. விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஜன்னலில் ஒரு ஆள் வந்து நின்றார். பென்னாகரம் வண்டியில் வந்த தன் அண்ணனைக் காணோம், கூப்பிட வேண்டும், எழுதத் தெரியாது என்றார். பழக்கதோஷம், நான் சீட்டை இழுத்து, பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்துக்கு அப்புறம் என் கையிலிருந்து அவர் வாங்குகிற முதல் சீட்டு அது.

அவர் வாங்கினார். நாலு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நீவிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவிட்சைத் தட்டி, உடனே வாசித்தார்.